சோதனைக்குழாய் குழந்தைகள்: வளர்ந்த பிறகு ஹார்மோன்கள் சொல்லும் கதை

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைப்பேறு சிகிச்சை என்றதும் நம்முடைய பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடும். செலவு எவ்வளவு? பலன் கிடைக்குமா? குழந்தை பிறந்து, பெயர் சூட்டி, முடி இறக்கி, காது குத்தியாகிவிட்டால் கதை சுபம். ஆனால் அந்தக் குழந்தைக்கு அப்போதுதான் கதையே தொடங்குகிறது. அது வளர வேண்டும். பெண் என்றால் உரிய வயதில் பூப்பெய்த வேண்டும். ஆண் என்றால் மீசை அரும்ப வேண்டும். நாற்பது வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அளவோடு இருக்க வேண்டும். ஒரு நாள் தானும் ஒரு பிள்ளையைப் பெற வேண்டும். இவற்றையெல்லாம் உள்ளிருந்து நடத்துபவை ஹார்மோன்கள்.

தாய்க்கு ஊசி வழியாக ஹார்மோன் செலுத்தி, கருமுட்டையை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத் தட்டில் கருவை உருவாக்கி, மீண்டும் கருப்பையில் வைத்துப் பிறக்கும் பிள்ளையின் ஹார்மோன்கள் பிற்காலத்தில் எப்படி இருக்கும்? பெற்றோர் பலர் மனத்துக்குள்ளேயே வைத்துப் புழுங்கும் கேள்வி இது. அதற்கு இன்று ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது என்பதை அறிய, வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

மருந்தாக வந்த ஹார்மோன்

சோதனைக்குழாய் குழந்தைக்கு முன்பே ஹார்மோன் மருந்துகள் வந்துவிட்டன. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில், கருமுட்டைகளை முதிரச் செய்யும் ஹார்மோன் மிகுதியாக வெளியேறுகிறது. இத்தாலியில் பியரோ டோனினி என்ற விஞ்ஞானி 1940களின் இறுதியில் அதைப் பிரித்தெடுத்தார். மருந்தாகத் தயாரிக்க வேண்டுமானால் ஏராளமான சிறுநீர் தேவை. அதில் கர்ப்பிணிகளின் சிறுநீர் ஒரு துளியும் கலந்துவிடக் கூடாது. அதற்கு உதவியவர்கள் இத்தாலியின் முதிய கன்னியாஸ்திரீகள். அவர்கள் இல்லங்களிலிருந்து சேகரித்த சிறுநீரிலிருந்து மருந்து தயாரானது. இஸ்ரேலில் டாக்டர் புரூனோ லுனன்ஃபெல்ட் அதைப் பயன்படுத்திச் சிகிச்சை அளித்தார். 1962ஆம் ஆண்டு முதல் குழந்தை பிறந்தது. வாழ்நாள் முழுதும் பிள்ளை பெறாத கன்னியாஸ்திரீகளால் எத்தனையோ வீடுகளில் தொட்டில் ஆடியது.

இது மகிழ்ச்சியான கதை. இதே காலத்தில் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது.

1938ஆம் ஆண்டு லண்டனில் சார்ல்ஸ் டாட்ஸ் என்பவர் டி.இ.எஸ். என்ற செயற்கைப் பெண் ஹார்மோனை உருவாக்கினார். கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1940களிலிருந்து அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு அது தாராளமாகக் கொடுக்கப்பட்டது. 1953இல் சிக்காகோவில் சுமார் 1,600 பெண்களிடம் முறையான சோதனை நடந்தது. மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தது. ஆயினும் மருந்துச் சீட்டில் அதை எழுதுவது நிற்கவில்லை. மேலும் 18 ஆண்டுகள் ஓடின.

1971இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இளம்பெண்களுக்கு வரவே வராது என்று எண்ணப்பட்ட ஒருவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் 8 இளம்பெண்களுக்கு வந்திருந்தது. அவர்களில் 7 பேரின் தாய்மார்கள் கர்ப்பமாக இருந்தபோது டி.இ.எஸ். உட்கொண்டவர்கள்! அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசு, கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. புற்றுநோய் சிலருக்கே வந்தது. ஆனால் அந்த மருந்தின் நிழலில் பிறந்த மகள்கள் பலர் கருப்பை அமைப்பில் கோளாறு, குழந்தையின்மை, குறைமாதப் பிரசவம் எனத் துன்பப்பட்டார்கள். குழந்தை நிலைப்பதற்காகத் தாய் விழுங்கிய மாத்திரை, மகளின் தாய்மைக்கே தடையாகிவிட்டது.

டி.இ.எஸ். வேறு, இன்றைய சிகிச்சையில் செலுத்தும் ஹார்மோன் வேறு. டி.இ.எஸ். கரு உருவான பிறகு, உறுப்புகள் வளரும் மாதங்களில் கொடுக்கப்பட்டது. கருமுட்டையை முதிரச் செய்யும் ஊசியோ கரு உருவாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்ச வேண்டாம். ஆனால் மருத்துவ உலகம் அன்று ஒரு பாடம் கற்றது: கருவில் நேர்ந்தது இருபது ஆண்டு கழித்தும் வெளிப்படலாம், ஆகவே பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

1978: இரண்டு நகரங்கள்

அந்தப் பாடம் கற்ற ஏழாவது ஆண்டில், 1978 ஜூலை 25ஆம் தேதி, இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். டாக்டர் பேட்ரிக் ஸ்டெப்டோ, விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ், ஆய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொண்ட ஜீன் பர்டி ஆகிய மூவரின் பத்தாண்டு உழைப்பு அது. இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை, கருமுட்டைகளைத் தூண்டும் ஹார்மோன் ஊசி இல்லாமல் உருவானவர். முந்தைய முயற்சிகளில் ஊசிகள் தாயின் உடலில் ஹார்மோன் ஒழுங்கைக் குலைத்ததால், இம்முறை அவற்றைக் கைவிட்டுத் தாயின் இயற்கையான சுழற்சியையே பின்பற்றினார்கள். சில மணி நேரத்திற்கு ஒருமுறை சிறுநீரைச் சோதித்து, கருமுட்டை வெளிப்படும் நேரத்தைக் கணித்து, இயற்கையாக முதிர்ந்த ஒரே ஒரு முட்டையை எடுத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஒரு பெண் குழந்தையைப் பிறக்கச் செய்தார். அவர் வழி வேறு. ஹார்மோன் ஊசியால் கருமுட்டைகளைத் தூண்டினார். உருவான கருவை உறைய வைத்தார். தாயின் உடல் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகு, பின்னொரு சுழற்சியில் கருவைக் கருப்பையில் வைத்தார். இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்ட முறை இதுதான். ஆனால் அன்று அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. வெளிநாட்டு மாநாட்டில் பேச அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் கண் மருத்துவத் துறைக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் மாதம் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997இல் விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார் அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, இந்தியாவில் இதை முதலில் சாதித்தவர் இவரே என்று உலகறியச் சொன்னார்.

அந்தப் பெண் குழந்தையின் குடும்பமோ, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி அடையாளத்தை வெளியே சொல்லவில்லை. 2003இல், தம்முடைய 25ஆவது பிறந்தநாளில்தான் அவர் பொதுமக்கள் முன் வந்தார். ஓல்டம் குழந்தையின் வளர்ச்சியை உலகமே பார்த்தது. கல்கத்தாக் குழந்தை வளர்ந்த 25 ஆண்டுகளில், உறைய வைத்த கரு எப்படி வளர்கிறது என்று மருத்துவம் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதும் இல்லாமல் போய்விட்டது.

தேக்காவுக்குப் பக்கத்தில்

நம் வட்டாரத்திற்கு வருவோம். சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகே இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை நம் மூத்த தலைமுறையினர் நன்கு அறிவார்கள். 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து உலகச் சாதனை படைத்த மகப்பேற்று மருத்துவமனை அது. அங்கேதான் 1983 மே 19ஆம் தேதி ஆசியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை எனப் பதிவான ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம். இலங்கையில் பிறந்த தமிழர். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவத் துறையைப் பல்லாண்டுகள் நடத்தியவர். 2001இல் காலமானார்.

1992இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் அடுத்த பாய்ச்சல் நிகழ்ந்தது. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் நேரே கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை அங்கே வெற்றி பெற்றது. விந்தணு குறைந்த ஆண்களுக்கு அது வாசலைத் திறந்துவிட்டது. இன்று உலகில் இத்தகைய சிகிச்சைகளால் பிறந்தவர்கள் 12 மில்லியனுக்கும் மேல். மூத்தவர்கள் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். ஹார்மோன் கேள்விக்குப் பதில் சொல்ல அவர்களே சாட்சி.

ஏன் சந்தேகம் வந்தது?

1986இல் இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற பேராசிரியர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். முன்பு எந்த ஊர்களில் குழந்தைகள் அதிகம் இறந்தார்களோ, அதே ஊர்களில் பல்லாண்டுகள் கழித்துப் பெரியவர்கள் இதய நோயால் அதிகம் இறந்தார்கள். கருவறையில் ஊட்டம் குறைந்தால் உடல் சிக்கனமாக வாழப் பழகிவிடுகிறது. பின்னாளில் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது அதே சிக்கனம் சர்க்கரை நோயாகவும் இரத்தக் கொதிப்பாகவும் திரும்புகிறது என்று அவர் விளக்கினார்.

இங்கேதான் செயற்கைக் கருத்தரிப்புக்கும் ஹார்மோனுக்கும் முடிச்சு விழுகிறது. ஆரம்ப ஆண்டுகளில், ஒன்றாவது நிலைக்கட்டும் என்று ஒரே நேரத்தில் மூன்று, நான்கு கருக்களைக் கருப்பைக்குள் வைத்தார்கள். இரட்டையரும் மூவரும் பிறந்தார்கள். குறைமாதம், குறைந்த எடை. தனியாகப் பிறந்த குழந்தைகளும் சராசரியாகச் சற்று எடை குறைந்தே இருந்தார்கள். அப்படியானால் இன்சுலின், தைராய்டு, பூப்பு ஹார்மோன்கள் எல்லாம் பின்னாளில் மாறுமா? 2003இல் இன்னோர் ஐயமும் சேர்ந்தது. பெக்வித்-வீடமன் என்ற மிக அரிய வளர்ச்சிக் கோளாறு இந்தக் குழந்தைகளிடம் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம் என்று ஆய்வுகள் கூறின. வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்களின் இயக்கம் பிசகுவதால் வருவது அது.

அளந்து பார்த்தபோது

முதலில் தைராய்டு. கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்குழாய் முறையில் பிறந்த 106 பிள்ளைகளில் 7 பேருக்கு, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். அளவு தொடர்ந்து சற்று அதிகமாக இருந்தது. ஒப்பிட்ட மற்றப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அப்படி இல்லை. ஆனால் அந்த ஏழு பேரின் தைராய்டு சுரப்பு இயல்பான அளவில்தான் இருந்தது.

அடுத்து, சர்க்கரை. 2008இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 8 முதல் 18 வயது வரையிலான 225 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் இதில் முக்கியம். குழந்தைக்காக நெடுநாள் காத்திருந்து, பிறகு சிகிச்சையின்றிப் பெற்ற பெற்றோரின் 225 பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். பெற்றோரின் உடல்நிலையால் வந்தது எது, சிகிச்சையால் வந்தது எது என்று பிரிக்கவே இந்த ஏற்பாடு. சோதனைக்குழாய் பிள்ளைகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சற்றே கூடுதல். நோய் என்று சொல்லும் அளவில்லை. ஆனால் வித்தியாசம் இருந்தது. பூப்பு வயதுப் பெண்களிடம் எலும்பின் முதிர்ச்சியும் இரண்டு ஹார்மோன்களின் அளவும் கொஞ்சம் முந்திச் சென்றிருந்தன. சுவிட்சர்லாந்தில் 2018இல் வந்த ஆய்வில், இப்படிப் பிறந்த இளையர் 52 பேரில் 8 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். மற்ற 43 பேரில் ஒருவருக்கு மட்டுமே.

இவை கவலை தருபவை. ஆனால் இவை சிறிய ஆய்வுகள். அடுத்தடுத்த ஆய்வுகள் வந்தபோது மனம் ஆறுதலடைந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 22 முதல் 35 வயது வரையிலான 193 பேரைப் பரிசோதித்து 2019இல் வெளியிட்டார்கள். இதயம், இரத்தக் குழாய், சர்க்கரை எதிலும் இவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இல்லை. நம் வட்டாரத்திலும் கணக்கு இருக்கிறது. சிங்கப்பூரின் கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வு, தாய் வயிற்றில் இருந்த காலம் முதல் பிள்ளைகளைப் பின்தொடர்கிறது. அவர்களில் சோதனைக்குழாய் முறையில் பிறந்த 85 பிள்ளைகள் சராசரியாகச் சற்று உயரமும் எடையும் குறைவு. ஆறு வயதில் இரத்த அழுத்தமும் குறைவாகவே இருந்தது என்று 2021இல் அறிவித்தார்கள். 2023இல் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து, 35,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒப்பிட்டபோது, இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை.

அப்பாவிடமிருந்து மகனுக்கு

எல்லாரும் அறிய விரும்பும் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் நாளை பிள்ளை பெறுவார்களா?

லூயிஸ் பிரவுன் 2006இல் சிகிச்சை ஏதுமின்றி இயற்கையாகக் கருவுற்று ஆண் குழந்தையைப் பெற்றார். அவருடைய தங்கை நட்டாலியும் சோதனைக்குழாய் முறையில் பிறந்தவரே. அவர் அக்காளை முந்திக்கொண்டு 1999இலேயே இயற்கையாகத் தாயானார்.

இக்சி முறையில் பிறந்த ஆண்களின் கதை சற்று வேறு. அந்த முறை தோன்றிய பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர்களே, தாங்கள் உருவாக்கிய பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். இது போற்றத்தக்க நேர்மை. 18 முதல் 22 வயது வரையிலான 54 இளைஞர்களைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கையாகப் பிறந்த இளைஞர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் சுமார் 37 மில்லியன் விந்தணுக்கள். இவர்களுக்குச் சுமார் 18 மில்லியன். ஏறக்குறையப் பாதி. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களின் சராசரி அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிலருக்கு மட்டும், விந்தணு உற்பத்தியைக் காட்டும் ஹார்மோன்கள் இயல்பின் ஓரத்தில் இருந்தன. இதே முறையில் பிறந்த இளம்பெண்களின் கருமுட்டை இருப்பும் ஹார்மோன் அளவும் மற்றப் பெண்களைப் போலவே இருந்தன.

இதற்குச் சிகிச்சையைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்த இளைஞர்களின் தந்தையர் விந்தணு குறைந்ததால்தான் சிகிச்சைக்கே வந்தார்கள். அந்தக் குறை சில சமயம் ஒய் குரோமோசோமில் இருக்கும். மகன் என்றால் தந்தையின் ஒய் குரோமோசோம் அப்படியே வந்துவிடும். இயற்கை மூடி வைத்த கதவை நாம் திறந்தோம்; அதே பூட்டு மகனிடமும் போகக்கூடும்.

தவறைத் திருத்தியது எது?

கணக்கு வைத்ததால் விளைந்த நன்மையையும் பார்க்க வேண்டும். இரட்டைப் பிறப்பின் ஆபத்தைக் கண்ட சுவீடன், 2003இல் பெரும்பாலும் ஒரே ஒரு கருவைத்தான் வைக்க வேண்டும் என்று விதி செய்தது. மற்ற நாடுகளும் மெல்ல மெல்ல அந்த வழிக்கு வந்தன. குறைமாதக் குழந்தைகள் குறைந்தார்கள். 2010இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். கருவை முதல் சில நாள் வளர்க்கும் ஊட்டத் திரவம் எது என்பதைப் பொறுத்துப் பிறப்பு எடையே மாறியது. இரண்டு வகைத் திரவங்களுக்கிடையே சராசரியாக 200 கிராமுக்கும் மேல் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத கரு இரண்டு மூன்று நாள் மிதந்த திரவத்தின் தடம் பிறப்பு எடையில் தெரிந்தது! அந்த ஆய்வகம் எந்தக் குழந்தை எந்தத் திரவத்தில் வளர்ந்தது என்று குறித்து வைக்காமல் இருந்திருந்தால், இது யாருக்கும் தெரிந்திருக்காது.

டி.இ.எஸ். கதையிலும் இதே நியாயம்தான். தாய்மார்கள் தாங்கள் எடுத்த மாத்திரையை நினைவு வைத்துச் சொன்னதால்தான் மகள்களின் நோய்க்குக் காரணம் கிடைத்தது.

நம் வீடுகளில்

நம் குடும்பங்களிலோ இதைப் பேசவே கூச்சம். சிகிச்சை நடந்தது மாமியாருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, சில இடங்களில் பிள்ளைக்கே தெரியாது. "முருகன் கொடுத்த வரம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரம் 25 வயதில் ஒரு மருத்துவர் முன் உட்கார்ந்து, "குடும்ப வரலாறு என்ன?" என்ற கேள்விக்கு விழிக்கக் கூடாது. தந்தைக்கு விந்தணு குறைவு என்று முன்பே அறிந்த மகன், திருமணமானதும் காலம் கடத்தாமல் பரிசோதனை செய்துகொள்ளலாம். தாய்க்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தது என்று அறிந்த மகள், மாதவிடாய் தவறும்போது காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தில் எத்தனை பரவலானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிறப்பு எடை குறைந்த பிள்ளையை அளவுக்கு மீறி ஊட்டிக் கொழுக்க வைக்காமல் இருப்பதும் ஒரு மருந்துதான்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் சில.

சிகிச்சை ஆவணங்களைத் தூக்கி எறியாதீர்கள். எந்த முறை, என்ன மருந்து, புதிய கருவா உறைய வைத்ததா, எத்தனை கருக்கள் வைத்தார்கள், எத்தனையாவது வாரத்தில் பிரசவம், பிறப்பு எடை எவ்வளவு என்பதை எழுதிக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். குழந்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு ஆண்டு ஹார்மோன் பரிசோதனை என்று பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம். எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள அதே அளவுகோல்தான். பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன், ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன் பருவ மாற்றம் தெரிந்தாலும், பெண்ணுக்கு 13, ஆணுக்கு 14 வயதாகியும் எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள்.

புரிந்துகொள்ளும் வயது வந்ததும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். உன்னை எவ்வளவு விரும்பிப் பெற்றோம் என்பதையும் சேர்த்தே சொல்லலாம். வளர்ந்த பிறகு அந்தக் கோப்பை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அது அவர்களுடைய உடலின் வரலாறு. அவர்களிடம் இருப்பதே முறை.

நாற்பது ஆண்டுக் கணக்கு நமக்குத் தருவது பெரும்பாலும் நல்ல செய்தி. இந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறார்கள். இந்த நிம்மதி தானாகக் கிடைத்ததன்று. தங்கள் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்து வந்த பெற்றோரும், இரத்தம் கொடுத்த இளையரும், தங்கள் சாதனையைத் தாங்களே சந்தேகித்துச் சோதித்த மருத்துவர்களும் சேர்ந்து கொடுத்தது. அடுத்த நாற்பது ஆண்டுக் கணக்கில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இடம்பெறட்டும்.